சத்தமான தெருவில் ஒரு வீடு

மாவு மில் நின்றுவிட்டது. அப்படியென்றால் மணி இரண்டு. நின்ற பிறகும் அது என் காதுக்குள் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும், ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தவன் நாலு அடி ஓடி நிற்பதுபோல. இப்போது அதுவும் நின்றுவிட்டது. இனி நாலு மணி வரைக்கும் இந்தத் தெருவில் ஒன்றுமில்லை. மின்விசிறி, குழாயில் சொட்டு, எதிர்வீட்டுச் சமையலறையில் யாரோ பாத்திரம் கவிழ்த்து வைக்கிறார்கள், கவிழ்த்தது எவர்சில்வரா அலுமினியமா என்றுகூடச் சொல்லிவிடலாம், அவ்வளவு அமைதி. மற்றவர்கள் இப்படி ஒரு தெரு கிடைத்தால் அட்வான்ஸைக் கூட்டிக் கொடுப்பார்கள். எனக்கு இதுதான் ஆகாது. மூன்றரைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. மூன்றரைக்கு நான் கத்த வேண்டும். கத்தலாம் என்று நேற்றுப் படுக்கும்போது முடிவு செய்தேன், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வேண்டாம் என்று முடிவு செய்தேன், பத்து மணி டீயின்போது மறுபடியும் கத்திவிடலாம் என்று. நாற்பத்தெட்டு வயது சுகந்தமணி, ஒரு வாரத்துக்கு எடுத்த வாடகை அறையில் தனியாக நின்றுகொண்டு, தன் தம்பி கத்துவதுபோலக் கத்திப் பார்க்கப் போகிறாள். வெளியே சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள். நானே சிரித்தேன், மைக்கை அணைத்துவிட்டு.

கத்துவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். பேசுவதுதான் தொழில். கோயமுத்தூரில் ஒரு பஸ் ஸ்டாண்டில் காலை ஐந்திலிருந்து பகல் ஒரு மணி வரை மைக்கில் கேட்கிற குரல் என்னுடையது. உடுமலை வழியாகப் பழனி செல்லும் பேருந்து மூன்றாவது தடத்தில் புறப்படத் தயாராக உள்ளது. பயணிகள் தங்கள் உடைமைகளை மறக்காமல் எடுத்துச் செல்லவும். நடுநடுவே ஜவுளிக்கடை, மூட்டுவலித் தைலம். இருபத்திரண்டு வருஷமாக ஒரே குரல். கொழந்த காணாமப் போயிருந்தாலும் இதே கொரல்லதான் சொல்லோணும், நீ பதறுனா சனம் ஓடும் என்று முதல் நாளே மேனேஜர் சொன்னார். அது எனக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அப்பா இறந்ததை ஃபோனில் சொன்னபோது ஈரோட்டுச் சித்தப்பா, ஏம்மா, பஸ்ஸு வந்திருச்சுங்கற மாதிரி சொல்றியே என்றார். என்ன செய்ய, வேறு குரல் என்னிடம் இல்லை. இருந்ததா என்றுகூட ஞாபகமில்லை. வீட்டில் கத்துவதற்கென்று ஒருவன் இருக்கும்போது மற்றவர்கள் கத்த முடியாது, ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் கட்டுப்படியாகும். அவன் என் தம்பி தண்டபாணி. எனக்குப் பாணி. முப்பத்தொன்பது வயது. பேச்சு நாலைந்து வார்த்தை. சோறு, அக்கா, போலாம், பஸ்ஸு. யாரையும் அடிக்கமாட்டான், எதையும் உடைக்கமாட்டான். நான் கொண்டுவருகிற பழைய பஸ் டிக்கெட்டுகளை நான்காக மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்குவான். ஓடுகிற எதன்மேலும் கை வைத்துப் பார்க்க வேண்டும் அவனுக்கு, மிக்ஸி, வாஷிங் மெஷின், நின்றபடி உறுமுகிற பஸ்ஸின் தகரம். ஒரே ஒரு குறை. தினமும் மத்தியானம் மூன்றரைக்கு, ஐந்து நிமிஷம் முன்னே பின்னே, எழுந்து நின்று கத்துவான். மூன்று தடவை. வயிற்றிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, அங்கேயே நின்று, பிறகு மெல்ல இறங்கும். மூன்றாவது முடிந்ததும் உட்கார்ந்து அடுத்த டிக்கெட்டை எடுத்துக்கொள்வான். மொத்தமே நாலு நிமிஷம். மீதி இருபத்து மூன்று மணி ஐம்பத்தாறு நிமிஷத்துக்கு அவனைப்போல ஒரு நல்ல பக்கத்துவீட்டுக்காரன் எங்கே தேடினாலும் கிடைக்கமாட்டான். இந்தக் கணக்கைச் சொல்லித்தான் வீடு வீடாகக் கெஞ்சியிருக்கிறேன்.

அது சங்கு. டாக்டர் இல்லை என்கிறார், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நேரம் வரும், காரணம் தேடக் கூடாது என்கிறார். டாக்டர் பஞ்சாலை லைன் வீட்டில் இருந்ததில்லை. நாங்கள் இருந்தோம். அப்பா அங்கே நூல் நூற்கிற பிரிவில் இருபத்தாறு வருஷம். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று ஷிப்டும் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், தரை லேசாக அதிரும், தண்ணீர்ச் சொம்பில் வட்டம் வட்டமாக வரும். அங்கே யாரும் மெதுவாகப் பேசினதே கிடையாது. பாணி பிறந்து, பேச்சு வராமல், கத்த மட்டும் வந்தபோது யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை, பாதிப் பேருக்குக் காதில் விழவே இல்லை. மூன்றரைக்கு ஷிப்ட் முடிகிற சங்கு ஊதும். ஊதினதும் பாணி எங்கே இருந்தாலும் வாசலுக்கு ஓடுவான். பத்து நிமிஷத்தில் அப்பா வருவார், தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு. குனிந்து அவன்மேல் தலையை உதறுவார். அவனுக்கு அதற்கு மேல் ஒரு விளையாட்டு உலகத்தில் இல்லை. அவனுக்கு ஒன்பது வயதாகும்போது பஞ்சாலையை மூடினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சத்தம் நின்றது. அன்றைக்கு ராத்திரி லைன் வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை, அமைதி தூங்க விடவில்லை. மறுநாள் மூன்றரைக்குப் பாணி வாசலில் போய் நின்றான். அப்பா வீட்டுக்குள்தான் இருந்தார், பாயில், சுவரைப் பார்த்து. பாணி உள்ளேயும் வெளியேயும் பார்த்தான். ஒரு வாரமோ பத்து நாளோ இப்படி நின்றுவிட்டு, ஒரு நாள், அது ஊதாததால், அவனே ஊதிவிட்டான். நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அப்பா எழுந்து வந்து குனிந்து தலையை உதறினார், பஞ்சு இல்லாத தலையை. இப்போது அப்பாவும் இல்லை அம்மாவும் இல்லை. பஞ்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடி. சங்கு மட்டும் என்னோடு இருக்கிறது.

மணி இரண்டே கால். பல்லி ஒன்று காலண்டரின் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது. மருந்துக்கடைக் காலண்டர், தேதிக்குக் கீழே டாக்டர்களின் பெயர்கள். இந்தத் தெருவுக்குப் பின்னால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அதனால் இந்த வீட்டுக்காரம்மா மாடியில் மூன்று அறைகளைத் தடுத்து, நோயாளிக்குத் துணையாக வருகிறவர்களுக்கு நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் விடுகிறார். இங்கே வந்ததும் கேட்கிற முதல் கேள்வி பெயர் இல்லை, பேஷண்ட் யாருங்க என்பதுதான். தம்பி என்றேன். என்ன பண்ணுதுங்க என்றார். சத்தம் போடறான் என்றேன். ஓ, தொண்டையா, ஈ.என்.டி. மூணாவது மாடிங்க என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மறுத்துச் சொல்லவில்லை. பொய் சொன்னேனா என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோசிக்கிறேன், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் பென்சிலால் யாரோ எழுதியிருக்கிறார்கள், காலை 1, மதியம் ½, இரவு 1, கட்டில் எண் 214. கண்ணாடியில் ஒட்டுப் பொட்டுகள், எட்டோ ஒன்பதோ, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. முகம் கழுவும்போது எடுத்து ஒட்டினவை. சிலது மறந்துபோய் விட்டுப்போனவையாக இருக்கும். சிலது மறுபடி எடுக்கத் தேவையில்லாமல் போனவையாகவும் இருக்கும். அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கக் கூடாது. நான் ஒரு வீடு பார்க்க வந்தவள், அவ்வளவுதான்.

வீட்டை நேராகப் பார்த்து எடுத்தால் போதாதா, எதற்கு அந்தத் தெருவிலேயே ஒரு வாரம் தங்க வேண்டும் என்று புரோக்கர் சென்னியப்பன் கேட்டார். பாவம், நல்ல மனுஷன், என்னால் அவருக்குத் தலை சுற்றிவிட்டது. முதலில் அமைதியான ஏரியாவாகவே ஆறு வீடு காட்டினார். சத்தமான தெருவாப் பாருங்க என்றேன். ஏனுங்க, வாஸ்துல அப்படி ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா என்றார். தங்கிப் பார்க்காமல் எடுத்துச் சூடுபட்டது எனக்குத்தானே தெரியும். இப்போது இருக்கிற வீட்டுக்கு முன்னால் கல்யாண மண்டபத்துக்கு அடுத்த வீட்டை எடுத்தேன். வைகாசி மாதம். நாதஸ்வரம், செண்டை மேளம், சமையல்கூடத்தில் அண்டா உருட்டுவது, ஜெனரேட்டர், கேட்கவே தேனாக இருந்தது. பாணி கத்தினதை வீட்டுக்காரரே கவனிக்கவில்லை, மாப்பிள்ளை அழைப்பில் யாரோ என்று நினைத்துக்கொண்டார். சாமான் எல்லாம் அடுக்கி முடித்தேன். ஆடி பிறந்தது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மண்டபத்துக்குப் பூட்டு. வாட்ச்மேன் ரேடியோகூட வைப்பதில்லை. ஆடி என்றால் மாரியம்மன் கோயில் மைக் இருக்குமே என்று சமாதானம் செய்துகொண்டேன், அந்தத் தெருக் கோயில் பிள்ளையார் கோயில். ஆடிப் பதினெட்டுக்கு முன்னாலேயே வீட்டுக்காரர் வந்துவிட்டார். வீடு மாற்றக் கூடாத மாதத்தில் வீடு மாற்றினோம். தெருவைக் கண்ணால் பார்த்து எடுக்கக் கூடாது, காதால் பார்க்க வேண்டும், அதுவும் ஒரு நாள் கேட்டால் போதாது என்று அப்போதுதான் புத்தி வந்தது. இப்போது இருக்கிற அடுக்குமாடியில் ஒரு வருஷம் ஓட்டினேன். போன மாதம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். காபி கொடுத்துச் சொல்வதாக இருந்தால் எதையும் சொல்லிவிடலாம். அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள் என்றார். அவர் மேலும் தப்பில்லை, கீழ்வீட்டுப் பெண் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். தப்பு யார்மேலும் இல்லை என்பதுதான் இதில் கஷ்டம்.

அவரே ஒரு வழியும் சொன்னார். அவருடைய மச்சினர் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்துக்கு டிரஸ்டி, ஊருக்கு வெளியே, தென்னந்தோப்புக்கு நடுவே. ஒரு வாரம் விட்டுப் பாருங்க, பிடிச்சா இருக்கட்டும் என்றார். அதனால் இந்த வாரம் ரெண்டு பேருமே ஒத்திகை பார்க்கிறோம். நான் இந்தத் தெருவில், அவன் அந்தத் தோப்பில். நாளை சனிக்கிழமை. இரண்டில் ஒன்றை நாளைக்குச் சொல்ல வேண்டும். எதிர்ச்சாரியில் காலியாக இருக்கிற ஒன்பதாம் நம்பர் வீடு வேண்டும் என்று சென்னியப்பனிடம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாணி அங்கேயே இருக்கட்டும் என்று இல்லத்தில் சொல்ல வேண்டும். இந்த மாதிரி வேறு வீடு இனிக் கிடைக்காது, ஊர் முழுக்க அமைதியாகிக்கொண்டு வருகிறது. திங்கட்கிழமை வார்டனைக் கூப்பிட்டேன். சமத்தா இருக்காருங்க, சத்தமே இல்லீங்க என்றார். மூணரைக்கு? மூணரைக்குத் தூங்கறாருங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மாத்திரை குடுக்கறமல்லங்க. அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். இதை ஒருத்தரிடமும் சொல்ல முடியாது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, மூன்றரை மணி யாருடைய மூன்றரையாகவோ கடந்துபோனது, நான் ஜன்னலைச் சாத்தவில்லை, டிவியைக் கூட்டவில்லை, யாராவது கதவைத் தட்டுவார்களா என்று பார்க்கவில்லை. நிம்மதியாக இருந்தது. செவ்வாய்க்கிழமையும் சத்தமில்லை என்றார். புதன்கிழமை, டிக்கெட் மடிக்கறானா என்று கேட்டேன். டப்பாவத் தலைமாட்டுலயே வெச்சிருக்கறாருங்க, மடிக்கறதில்ல, கையில புடிச்சுட்டே தூங்கிப்போடறாரு என்றார். அதற்குப் பிறகு அந்த நிம்மதி போய்விட்டது. ஒரு பஞ்சாலையை மூடினது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கேயும் எல்லாம் ரொம்ப அமைதியாகத்தான் இருந்தது.

மணி இரண்டு ஐம்பது. இந்தத் தெருவை முதல் நாளே பிடித்துப்போனதற்குக் காரணம் மாவு மில்தான். எதிர்ச்சாரியில், ஒன்பதாம் நம்பருக்கு ஒட்டினாற்போல. ஒன்பதாம் நம்பர் ஒன்றரை வருஷமாகக் காலி, இந்தச் சத்தத்தில் யார் குடிவருவார்கள்? வீட்டுக்காரர் பல்லடத்தில் இருக்கிறார், அவருக்கு வாடகை வந்தால் போதும். காலை ஏழுக்குப் பெல்ட் சுழல ஆரம்பித்தால் ஜன்னல் கம்பி ஊம் என்று பாடும். கையை வைத்துப் பார்த்தேன், பாணி வைப்பதுபோல. திங்கட்கிழமை ஒன்றரைக்கு வேலையிலிருந்து வந்து படுத்தேன், மத்தியானம் முழுக்க மில் ஓடினது, மூன்றரைக்கும் ஓடினது. எழுந்து எட்டிப் பார்த்தேன். வாசலில் ஆளும் இல்லை, அரைக்கக் கொண்டுவருகிற ஒரு தூக்குப்போசிகூட இல்லை. சரி, உள்ளே மூட்டை கிடக்கும், கடைக்காரர் யாராவது மொத்தமாகப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்திலேயே மறுபடியும் தூங்கினேன். அன்றைக்கே சென்னியப்பனுக்கு ஃபோன் போட்டு முடித்திருப்பேன், மண்டபத்து வீட்டில் பட்ட ஆடி மாதம்தான் கையைப் பிடித்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. மூன்றரைக்கு ஊசி விழுந்தால் கேட்கும். புதன்கிழமை ஒரு கிலோ ராகி வாங்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன், நேரம் விசாரிக்க ஒரு சாக்கு. மில்காரர் பொன்னுச்சாமி ஒரு வார்த்தை பேசமாட்டார், தலை முதல் கால் வரை மாவு, புருவத்திலும் மாவு. அதைப் பார்த்ததும் வந்த காரியத்தை மறந்து அந்தப் புருவத்தையே பார்த்தேன். தராசுக்குப் பின்னால் அவர் மனைவி ராமாத்தாள், அறுபது வயது இருக்கும், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. ரெண்டுல இருந்து நாலு சாத்திருவமுங்க, அவரு தூங்கோணும் என்றார். தெனமுங்களா என்றேன். தூக்கம் தெனமுந்தான வருது என்றார். சிரித்துவிட்டு ராகி மாவை வாங்கிக்கொண்டு வந்தேன். சூடாக இருந்தது, மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் கத்த வேண்டும். நாள் முழுக்கச் சத்தமாக இருந்து சரியாக அந்த நேரத்துக்கு அமைதியாகிற தெரு, அந்த நாலு நிமிஷத்தைக் கேட்டால் என்ன செய்யும்? கேட்காத மாதிரி இருந்துவிடுமா? கதவைத் தட்டுமா? தட்டினால் என்ன சொல்லும்? ஐந்து வீட்டில் ஐந்து விதமாகக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் மெதுவா, பக்கத்துல பரீட்சைக்குப் படிக்கறாங்க, நாங்க தப்பா நெனைக்கல ஆனா, டாக்டர்கிட்டக் காட்டலாமே, ஒரு நல்ல இடமாப் பாத்து. அவனைக் கூட்டி வந்து, சாமான் இறக்கி, பாலும் காய்ச்சின பிறகு இதில் ஒன்றைக் கேட்பதைவிட இப்போதே கேட்டுவிடலாம். கேட்டால் நாளைக்கு இல்லத்துக்கு ஃபோன். கேட்காவிட்டால் சென்னியப்பனுக்கு ஃபோன். எவ்வளவு சுலபம். ஆனால் நான் கத்தினால் கேட்பவர்கள் ஒரு பொம்பளை கத்துகிறாள் என்று நினைப்பார்கள், அது வேறு சத்தம் ஆகிவிடாதா? போலீஸைக் கூப்பிட்டுவிட்டால்? வீட்டுக்காரம்மா, தொண்டை உங்களுக்கா தம்பிக்கா என்று கேட்டால்? கத்தவே வராவிட்டால்? மணி மூன்று ஐந்து. வேண்டாம், சும்மா படுத்திருக்கலாம், மூன்றரை தானாகப் போய்விடும். இந்த நேரத்துக்கு அவனுக்கு மாத்திரை கொடுத்திருப்பார்கள். டப்பாவைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பான். மூன்று பதினைந்து. எழுந்து முகம் கழுவினேன். மூன்று இருபத்தைந்து. அவன் நிற்பதுபோல நின்றேன், கால்களை அகட்டி, கைகளைத் தொடையோடு ஒட்டி, கதவைப் பார்த்து. இவ்வளவு வருஷம் பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் அப்படி நின்று பார்த்ததில்லை. அப்படி நின்றால் யாரோ வரப் போகிறார்கள் என்று தோன்றுகிறது.

முதலில் வந்தது மைக் குரல். ஆ என்று ஒன்று, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, பழனி பஸ் வந்துவிட்டது. எனக்கே சிரிப்பு வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, அவன் செய்வதுபோல வயிற்றை உள்ளே இழுத்து, அடியிலிருந்து எடுத்தேன். கிளம்பினது. மார்புக்கு வந்தது. தொண்டையில் ஒரு இடத்தில் தட்டி நின்று, பிறகு அதையும் தள்ளிக்கொண்டு மேலே போனது. மேலே போனதும் அங்கேயே நிற்க வேண்டும், அப்புறம் மெல்ல இறங்க வேண்டும், அதுதான் கணக்கு. இறங்கவில்லை. எனக்கு இறக்கத் தெரியவில்லை. அது பாணியின் சத்தமாகவும் இல்லை சங்காகவும் இல்லை, இது யாருடையது, எத்தனை நாளாக உள்ளே கிடந்தது என்று நினைத்துக்கொண்டே கத்துகிறேன். ஆடி மாதம் சாமானோடு லாரியில் உட்கார்ந்திருந்தது, அப்பா வெறும் தலையை உதறினது, திங்கட்கிழமை ராத்திரி நான் தூங்கின தூக்கம், எல்லாம் வருகிறது. மூன்று தடவை என்பது மறந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். ஆக, இந்தத் தெரு தட்டுகிற தெரு. முடிந்தது.

"அம்மிணி, கதவத் தொறங்க. நாந்தான், மில்லுக்கார ராமாத்தா."

திறந்தேன். தூக்கத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறார், கன்னத்தில் பாய்த் தடம், கையில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"ஏனுங்க, போயிட்டாங்களா?"

"யாரும் போகலீங்க."

"ஆஸ்பத்திரில ஏதாச்சும் சொல்லிப்போட்டாங்களா?"

"இல்லீங்க."

"செரி, மொதல்ல தண்ணியக் குடிங்க."

குடித்தேன். அடுத்தது வரப்போகிறது, கொஞ்சம் மெதுவா என்பதோ, தெருவுல நாலு பேரு தூங்கற நேரம் என்பதோ. சொம்பை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் அழுகை இருக்குதுங்களா? இருந்தாச் சொல்லுங்க, மில்ல ஓட்டச் சொல்றேன்."

"என்னதுங்க?"

"மில்லத்தானுங்க. இந்த ரூம்புகளுக்கு வர்றவங்க பாதிப்பேரு அழுகறவங்கதான. வாயில சீலையத் திணிச்சுக்கிட்டு அழுவாங்க, அக்கம்பக்கம் கேட்டுருமுன்னு. பாக்கவே பாவமா இருக்குமுங்க. அதனால எங்கூட்டுக்காரரு காதுல விழுந்தா எந்திரிச்சு மில்ல ஓட்டி உட்ருவாரு. அந்தச் சத்தத்துல அவங்க பாட்டுக்கு வாய் உட்டு அழுதுக்குவாங்க. வெறும் மில்லு ஓட்டுனாக் கல்லுக்கு ஆகாது, எங்கூட்டுக் கோதுமையவே ரெண்டு படி கொட்டறதுதான். யாராச்சும் அழுதாங்கன்னா அன்னைக்கு ராத்திரி எங்கூட்ல கோதும தோசதானுங்க."

"திங்கக்கெழம ஓடுச்சே..."

"திங்கக்கெழமையுந்தான். உங்க பக்கத்து ரூம்பு, தாராபுரத்துக்காரங்க. சின்னப் புள்ளைங்க அது. வூட்டுக்காரரு..." என்று கையை விரித்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்த அறை பூட்டியிருந்ததைப் பார்த்து, குணமாகிப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் அழுகையை மூடப் போட்ட சத்தத்தில் நான் வீடு கிடைத்துவிட்டது என்று தூங்கியிருக்கிறேன். கண்ணாடியில் இருக்கிற பொட்டுகளைப் பார்க்க முடியவில்லை. இதற்கு மேல் இவரிடம் எதையும் மறைக்க முடியாது என்று தோன்றியது. சொன்னேன். பேஷண்ட் யாரும் இல்லீங்க, ஒம்பதாம் நம்பர் வீட்டுக்குக் குடி வரலாமுன்னு பாக்க வந்தனுங்க, எனக்கொரு தம்பி, இப்படி இப்படி, மூணு தடவை, நாலு நிமிஷம். சங்கைப் பற்றிச் சொல்லவில்லை. அது எங்கள் வீட்டு விஷயம்.

ராமாத்தாள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"தெனமுங்களா?"

"தெனமுங்க."

"ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கெழமையுந்தானுங்க."

"அப்ப மில்ல ஓட்டி முடியாதுங்க. அத்தன கோதும தோசைய யாரு திங்கறது?" என்றார். சரி என்று தலையாட்டினேன். நியாயம்தான். அவர் போகவில்லை. தெருவைத் தாண்டி, சாத்தியிருந்த மில் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூணரையேதானுங்களா? தப்பவே தப்பாதா?"

"அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன இருக்குமுங்க."

"இல்ல, இந்த மனுசனுக்கு அலாரம் வெச்சா அமுக்கிப்போட்டுத் தூங்கறாருங்க. நாலுக்குத் தொறக்கோணும், நாலரையாயிப் போகுது, அஞ்சாயிப் போகுது. சனம் தூக்குப்போசிய வெச்சுட்டு நின்னுட்டு என்னைய வையுது. உங்க தம்பி மூணரைக்குக் கத்துனா எந்திரிச்சு, காப்பியக் குடிச்சுப்போட்டு, நாலுக்கு டாண்ணு தொறந்தர்லாமல்லங்க. அந்தக் காலத்துல பஞ்சாலைக்குச் சங்கு ஊதுவாங்களே, அதாட்டம்."

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். சொல்ல வாயைத் திறந்தால் மறுபடியும் அந்தச் சத்தம் வந்துவிடும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு இன்னும் முடியல போலிருக்குது, இருங்க" என்று படியிறங்கிப் போனார். எதிர்ச்சாரியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பொன்னுச்சாமி இருமுவது கேட்டது. மணி நாலாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது பெல்ட் சுழல ஆரம்பித்தது, ஜன்னல் கம்பி ஊம் என்றது, கம்பியில் கையை வைத்துக்கொண்டு நான் வாய்விட்டு அழுதேன். முடிந்த பிறகு இல்லத்துக்கு ஃபோன் போட்டேன்.

"ஏதோ எரைச்சலா இருக்குதுங்க மேடம், கொஞ்சம் வெளிய வந்து பேசுங்க" என்றார் வார்டன்.

"வெளிய வர முடியாதுங்க. நாளைக்கு வந்து அவனக் கூட்டிட்டுப் போயிக்கறனுங்க."

"எதுக்குங்க? தூங்கறாரு. அமைதியாத்தான இருக்கறாரு?"

"அதுக்குத்தானுங்க."

அவருக்குக் கேட்கவில்லை. என்னங்க, என்னங்க என்றார். கோதுமை அரைபடுகிற சத்தத்துக்கு மேலே போக எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னேன். தண்டபாணியை அழைத்துச் செல்ல அவருடைய அக்கா நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார். மாத்திரை கொடுக்க வேண்டாம். அவருடைய உடைமைகளை, டிக்கெட் டப்பா உட்பட, மறக்காமல் எடுத்துத் தயாராக வைத்திருக்கவும்.